படம் பார்க்கும் முன்னாடியே காதுக்கு வந்த கதை

மதுரைப் பக்கம் எங்க ஊர்ல காதுகுத்து, கல்யாணம் எதுன்னாலும் மைக் செட்காரர் வேப்பமரத்துல குழாயைக் கட்டி முதல்ல பிள்ளையார் பாட்டு போடுவார். பந்தி ஓய்ஞ்சதும் 'திருவிளையாடல்' கதை வசனம். படம் வந்தது 1965-ல. நான் கேட்டது எண்பதுகள்ல, கேசட்ல. படம் பார்க்கிறதுக்கு முன்னாடியே தருமியோட புலம்பல் மொத்தமும் மனப்பாடம். (நாகேஷ் முகம் அப்ப தெரியாது. என் தருமி நல்ல குண்டு!)

நெற்றிக்கண் இடம் வந்தாதான் சிக்கல். சிவனுக்கும் புலவர் நக்கீரருக்கும் வாக்குவாதம் சூடேறும், அப்புறம் வெறும் இசை. என்ன நடக்குதுன்னு காதுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல வெத்தலை இடிச்சுக்கிட்டே அப்பத்தா, "கண்ணைத் திறந்துட்டாருடா, நக்கீரர் பொற்றாமரைக் குளத்துல விழுந்துட்டாரு"ன்னு சொல்லும். அப்பத்தா அந்தப் படமே பார்த்ததில்லை. கோயில்ல கேட்ட புராணக்கதை. பின்னாடி டிவியில பார்த்தப்ப என் கண்ணு குளத்தைத்தான் தேடுச்சு.

பரஞ்சோதி முனிவர் பாடினது 64 திருவிளையாடல். படம் எடுத்துக்கிட்டது அதுல கொஞ்சம்தான். பிட்டுக்கு மண் சுமந்த கதை எனக்குக் கிடைச்சது ஆவணி மூலத் திருவிழாவுல. சுவாமி புட்டுத்தோப்புக்கு எழுந்தருள, கூட்டத்துல நசுங்கி நின்னு, கையில புட்டோட பார்த்தது. இப்ப கம்பெனிகள் ஒரே கதையைப் படம், காமிக்ஸ், கேம்னு திட்டம் போட்டுப் பிரிச்சுத் தர்றாங்க. எங்களுக்கு யாரும் திட்டம் போடலை. புராணத்துல ஒண்ணு, குழாய்ல ஒண்ணு, திருவிழாவுல ஒண்ணுன்னு தானா அமைஞ்சுது.

உங்க ஊர்ல எப்படி?

*

ஒரு வாசகரோட பின்னூட்டம்:

//அப்பத்தா அந்தப் படமே பார்த்ததில்லை//

அருமை! எங்க அம்மாவுக்குப் பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசல்ல சில்லறைக் காசுக்கு விக்கிற மெல்லிசுப் புத்தகம். முன்பக்கம் கதைச் சுருக்கம், சரியா இக்கட்டான இடத்துல நின்னு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'ன்னு முடியும். படத்துக்குப் போகக் காசில்லைன்னா அம்மா மீதியைத் தானே கட்டிச் சொல்லும். பாட்டு வரிகளைப் பார்த்தே யாரு செத்தா, யாரு சேர்ந்தாங்கன்னு கண்டுபிடிச்சிடும். சோகப் பாட்டு கடைசிப் பக்கத்துல இருந்தா ஹீரோயின் காலி.

எனக்கு வானொலி ஒலிச்சித்திரம் (படத்தோட வசனத்தையும் பாட்டையும் சுருக்கி ரேடியோவுல போடுறது). எங்க வீட்டு ரேடியோ கரண்ட்ல ஓடுறது, முக்கியமான கட்டத்துல கரண்ட் போயிடும். மறுநாள் பள்ளிக்கூடத்துல முடிவைக் கேட்டா ஆளுக்கொரு முடிவு சொல்வாங்க. இன்னிக்கு வரைக்கும் சில படங்களுக்கு எனக்குத் தெரிஞ்சது பெஞ்ச் பசங்க சொன்ன முடிவுதான்.