அம்மம்மா வீடு: ஒழுங்கையில் பந்தல்

குழு: அம்மம்மா வீடு, வெள்ளவத்தை, கொழும்பு
செவ்வாய் இரவு 8.04

பெரியம்மா: (குரல் செய்தி 1.47, பலமுறை பகிரப்பட்டது)

பெரியம்மா: எல்லோரும் கட்டாயம் கேளுங்கள். மாநகர சபையின் புதுச் சட்டமாம், பை-லோவாம். ஒழுங்கையில் பந்தல் போட்டால் ஐம்பதாயிரம் தண்டம். சுகந்தி, அம்மம்மாவின் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்குப் பந்தல்காரனிடம் முற்பணம் கொடுத்துவிட்டாயா?

சுகந்தி அக்கா: கொடுத்தாச்சு பெரியம்மா. 15,000.

மாலா மாமி: ஐயோ

நிரோஷன்: யாருடைய குரல் இது? பின்னால் கோழி கத்துகிறது.

பெரியம்மா: ரத்மலானை டீச்சருக்கு வந்தது. அவ பொய் அனுப்பமாட்டா.

நிரோஷன்: பெருங்காயத் தண்ணீர் குடித்தால் சுகர் நின்றுவிடும் என்று அனுப்பியதும் அவதானே

பெரியம்மா: உனக்கு எல்லாம் பகிடி

வசந்தி சித்தி: 120 பேர். வீட்டுக்குள் எங்கே இருத்துவது?

ரவி அண்ணா: எல்லோருக்கும் வணக்கம். இங்கே கனடாவில் காலை, வேலையில் நிற்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பை-லோ என்றால் என்ன என்று விளங்க வேண்டும். பெரிய சட்டம் மேலே போடப்படுகிறது. அது நகரத்திடம் ‘இன்னின்ன விஷயங்களுக்கு நீயே விதி போட்டுக்கொள்’ என்று கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அந்த எல்லைக்குள் சபை போடுவதுதான் பை-லோ, அதாவது உபவிதி. வீட்டுச் சாவி அம்மம்மாவிடம், அலுமாரிச் சாவி மட்டும் நம்மிடம், அந்த மாதிரி. இங்கே ஒன்டாரியோவில் சபை நிறைவேற்றிய உபவிதியில் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் கிளார்க்கும் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். அதைப் பத்திரமாக வைத்திருப்பதும் கிளார்க்தான். ஆகவே சுகந்தி, நீ நாளைக்கு நகர மண்டபத்துக்குப் போய் சிட்டி கிளார்க்கைச் சந்தித்து

சுகந்தி அக்கா: யாரை?

நிரோஷன்: கிளாக்கரையா

பெரியம்மா: கிளாக்கரிடம் என்னடா கேட்கிறது. பெரியவர் யாரையாவது பிடி.

வசந்தி சித்தி: ம்

ரவி அண்ணா: அம்மா, இது அந்தக் கிளாக்கர் இல்லை! சிட்டி கிளார்க் பெரிய பதவி. சபையின் தீர்மானங்களைக் குறிப்போ கருத்தோ சேர்க்காமல் பதிய வேண்டும் என்று ஒன்டாரியோவின் 2001ஆம் ஆண்டு மாநகரச் சட்டத்திலேயே இருக்கிறது. உறுப்பினர் ஒருவர் கேட்டால் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று பெயர் பெயராக எழுத வேண்டும். நகரத் தேர்தலை நடத்துவதும் அவர். ரொறன்ரோவில் கலியாண லைசன்ஸ்கூட அந்த அலுவலகத்தில்தான். நானும் சர்மியும் அங்கேதான் எடுத்தோம்.

பெரியம்மா: எங்களுக்குச் சொல்லாமல்

ரவி அண்ணா: அம்மா அது 2009. விடுங்கோ.

மாலா மாமி: அந்த மாம்பழக் கலர் சேலை சர்மிக்கு நல்ல வடிவு

நிரோஷன்: கருத்துச் சேர்க்காமல் எழுதுகிற ஒருவர் இந்தக் குழுவுக்கும் தேவை

சுகந்தி அக்கா: எனக்கு ஒன்று தெரிந்தால் காணும். பந்தல் போடலாமா, கூடாதா?

ரவி அண்ணா: போடு. தண்டம் வந்தால் நான் அனுப்புகிறேன்.

சுகந்தி அக்கா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

நிரோஷன்: அக்கா நான் பார்த்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் கணக்கு இப்போது வேண்டாம்.

தேவன் சித்தப்பா: குரல் செய்தியில் வர்த்தமானி, அதாவது கெசட், இலக்கம் சொல்லியிருக்கிறதா?

பெரியம்மா: இல்லை

தேவன் சித்தப்பா: திகதி?

பெரியம்மா: இல்லை. ஆனால் நல்லாத் தெளிவாகப் பேசுகிறார்.

தேவன் சித்தப்பா: அப்ப விடுங்கோ.

சுகந்தி அக்கா: சித்தப்பா கொஞ்சம் விளக்கமாக

தேவன் சித்தப்பா: மாநகர சபைக்கு உபவிதி போடும் அதிகாரம் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சபை கை தூக்கினால் மட்டும் போதாது. அமைச்சர் அங்கீகரித்து, வர்த்தமானியில் வர வேண்டும். அதுவரைக்கும் வெறும் கடதாசி. கோழிக்காரருக்கு இது தெரியாது.

மாலா மாமி: கோழிக்காரர் 😂

தேவன் சித்தப்பா: ஆனால் புது விதி இல்லை என்பதற்காகச் சும்மா போடலாம் என்றும் நினைக்காதே. ஒழுங்கை நம் முற்றம் இல்லை. மாநகர ஆணையாளருக்கு ஒரு கடிதம், பிரதி பொலிசுக்கு. எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை அடி அகலம் என்று எழுது. ஆம்புலன்ஸ் போக இடம் விடுவோம் என்று ஒரு வரி. தமிழில் எழுத உனக்கு உரிமை இருக்கிறது, தமிழும் அரச கரும மொழி. சிங்களத்தில் ஒன்றும் சேர்த்து வைத்தால் அன்றைக்கே அசையும். உன் பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதே.

சுகந்தி அக்கா: தேவாரத்துக்கு மைக்?

தேவன் சித்தப்பா: அது பொலிஸ் அனுமதி. இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாகக் கிடைக்காது, 2007இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நமக்கு மதியம்தானே.

ரவி அண்ணா: சித்தப்பா, அங்கே சிட்டி கிளார்க்குக்குச் சமமானவர் யார்?

தேவன் சித்தப்பா: கிட்டத்தட்ட சபைச் செயலாளர். கூட்டக் குறிப்பு அவர் பக்கம். நிர்வாகம் ஆணையாளர் பக்கம். சபை வரும் போகும். 2023 மார்ச்சில் காலம் முடிந்து 2025 மே தேர்தல் வரைக்கும் கொழும்பில் சபையே இல்லை. ஆனால் வீட்டு வரி அசெஸ்மென்ட் பில் வந்தது. குப்பை லொறி வந்தது. யார் நடத்தினது? அதிகாரிகளும் கிளாக்கர்மாரும்தான்.

பெரியம்மா: நான் யாரையும் குறைவாகச் சொல்லவில்லை தேவன்

வசந்தி சித்தி: 1986இல் சொன்னதே காணும் அக்கா

மாலா மாமி: நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தின் புரூஃப் வந்திருக்கிறது. யார் பார்ப்பது?

மாலா மாமி: (படம்)

நிரோஷன்: மருமக்கள் பகுதியில் பொறியியலாளர், கணக்காளர் என்று எல்லோருக்கும் தொழில் போட்டிருக்கிறது. சித்தப்பாவுக்கு மட்டும் வெறும் பெயர்.

பெரியம்மா: அச்சகத்தில் விட்டுவிட்டான்கள்

நிரோஷன்: அச்சகத்துக்கு அனுப்பியது நீங்கள்

தேவன் சித்தப்பா: எல்லோருடைய தொழிலையும் எடுத்துவிடுங்கள். தாள் மிச்சம்.

ரவி அண்ணா: இல்லை, ‘நகர நிர்வாக அலுவலர்’ என்று போடலாம். கௌரவமாக இருக்கும்.

வசந்தி சித்தி: கிளாக்கர் என்றே போடு. 33 வருஷம் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். ரவி ஏ லெவலுக்கு வந்து நின்ற இரண்டு வருஷமும் சேர்த்து.

ரவி அண்ணா: 🙏

மாலா மாமி: வடைக்கு உளுந்து யார் வாங்குவது?

இரவு 10.21

தேவன் சித்தப்பா: இன்றைய குறிப்பு. கடிதம் நான் எழுதுகிறேன். கொண்டுபோய்க் கொடுப்பது நிரோஷன். மைக் அனுமதி சுகந்தி. பந்தல் மறுமொழி வந்த பிறகு, அதுவரை பந்தல்காரனிடம் மீதிக் காசு கொடுக்க வேண்டாம். குரல் செய்தி பற்றி முடிவு: இல்லை. கல்வெட்டில் தொழில் பற்றி முடிவு: இல்லை.

நிரோஷன்: நானா? நாளைக்கு எனக்கு வேலை

சுகந்தி அக்கா: அரை நாள் லீவு போடு

நிரோஷன்: பார்ப்போம்

புதன் காலை 5.52

பெரியம்மா: தேவன், கடிதத்தில் அம்மாவின் முழுப் பெயரையும் போடுங்கோ. சும்மா மாமியார் என்று எழுதாமல்.

தேவன் சித்தப்பா: போட்டிருக்கிறேன்.

பெரியம்மா: அச்சகத்துக்கு எத்தனை மணிக்குள் திருத்தம் சொல்ல வேண்டும்?

மாலா மாமி: பத்து. உளுந்து??