குடோன் கணக்கு தெரிந்தவனுக்கு நிவாரண வேலையில் இடம் உண்டா?

செம்பூர் பையன்:
வணக்கம். பி.காம். முடித்து, மும்பை பக்கம் பிவண்டியில் ஒரு குடோனில் ஸ்டாக் பார்க்கிறேன். வெள்ளம், பூகம்பம் என்றால் ஓடிப்போய் நிற்கும் அமைப்புகளில் சேர ஆசை. டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) எங்கள் வீட்டுப் பக்கம் தியோனாரில்தான் இருக்கிறது, அங்கே சமூகப் பணியில் முதுகலை படித்தால்தான் இந்த அமைப்புகளில் உள்ளே விடுவார்கள் என்கிறார்கள். உண்மையா? 'தர்மத்துக்கு உழைக்கவா படிக்க வைத்தேன்' என்று அம்மா ஒரே புலம்பல்.

மாடுங்கா அக்கா:
தம்பி, நிவாரண அமைப்பில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். லாரி வந்து நிற்கும்போது டிகிரியை யாரும் கேட்பதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் பழைய துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. கிழிசலை யார் உடுத்துவார்கள்? அனுப்பியவர்களுக்கு மனசு நிறைந்தது, அவ்வளவுதான். என்ன வேண்டும் என்று மக்களைக் கேட்டு எழுதி, வேண்டாததை ஏற்றும் இடத்திலேயே நிறுத்தத் தெரிந்த ஆள் வேண்டும். அது உங்கள் வேலைதானே?

நிவாரண வேலைக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் (Sphere) கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, படியுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தங்க, தலைக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டர் இடம். 400 பேர் தங்கும் முகாம் என்றால் தினமும் 6,000 லிட்டர். டேங்கர் ஒரு நாள் வராவிட்டால் அடிதடிதான்.

சம்பளம் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ப்ராஜெக்ட் பணம் தீர்ந்தால் வேலையும் தீரும். அம்மாவிடம் இதை மறைக்காதீர்கள்.

தாராவி செல்வம்:
2020 ஊரடங்கில் எங்கள் 90 அடி சாலைப் பக்கம் ரேஷன் கிட் கொடுத்தார்கள். முன் வீட்டுக்கு மூன்று கிட், பின் சந்துக்கு ஒன்றும் இல்லை. லிஸ்ட் போட ஆள் கிடையாது! ஆனால் அக்கா, டிகிரி விஷயத்தை நான் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்டோர் வேலைக்கு வேண்டாம், சரி. ப்ராஜெக்ட் மேனேஜர் விளம்பரங்களைப் பாருங்கள், பெரும்பாலும் முதுகலைதான் கேட்கிறார்கள். சேர்ந்த பிறகு படிக்கலாம்.

செம்பூர் பையன்:
நன்றி அக்கா, நன்றி செல்வம் அண்ணா. மராத்தி பேச வரும், எழுத வராது. பரவாயில்லையா?

மாடுங்கா அக்கா:
பேசினால் போதும். தாசில்தார் ஆபீஸுக்கு மனு எழுதித் தர உள்ளூரில் யாராவது கிடைப்பார்கள். எக்செல், டேலி இரண்டையும் மட்டும் கையை விட்டுவிடாதீர்கள்.