தம்பியோடு ஒப்புரவாகாமல் திருவிருந்தில் பங்கெடுக்கலாமா?

தாம்வேக்காரன் எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். யாங்கோனில் நாங்கள் போகும் தமிழ்ச் சபையில் சென்ற ஞாயிறு, ஆண்டவரின் மரணத்தை நினைத்து மேசையில் அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்து ஆராதனை நடந்தது. ஆராதனைக்கு முன் மூப்பர் ஒருவர் என்னைத் தூணருகே அழைத்துப்போய், தம்பியும் வந்திருக்கிறான், அவன் கையைப் பிடித்துவிட்டு மேசைக்கு வா என்றார். நான் மறுத்தேன். அப்பமும் வாங்காமல் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் செய்தது சரியா என்று இங்கே கேட்கிறேன்.

1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமற்போனபோது, தகரப்பெட்டியில் அம்மா சேர்த்துவைத்திருந்த பணம் வெறுங்காகிதமாயிற்று. அதன்பிறகு அம்மா நோட்டை நம்பவே இல்லை. கையில் மிஞ்சியதையெல்லாம் பொன்னாக்கி, பல ஆண்டுகளில் மூன்று சவரனில் ஒரு சங்கிலி செய்துகொண்டார். அம்மா படுக்கையில் விழுந்திருந்த காலத்தில் தம்பி அதை அடகு வைத்திருக்கிறான். வட்டி கட்டாததால் சங்கிலி மூழ்கிப்போயிற்று. அம்மா போன பிறகு அவருடைய பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோது, நான்காக மடித்த அடகுச் சீட்டு, தம்பியின் பெயரோடு, என் மடியில் விழுந்தது. இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவன் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பெகுவில் இருக்கும் அக்காவோ, மூத்த மகனாகிய நான்தான் சங்கிலியை விற்றுவிட்டேன் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். மன்னிப்பே கேட்காதவனை எப்படி மன்னிப்பது?

பழைய மூப்பன் எழுதியது:

தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு வேதம் பதில் சொல்லிவிட்டது. நின்று ஜெபம்பண்ணும்போது ஒருவன்பேரில் குறை உண்டானால் அதை அவனுக்கு மன்னியுங்கள் என்று மாற்கு 11:25 சொல்கிறது. அவன் வந்து கேட்டானா இல்லையா என்ற பேச்சே அங்கு இல்லை. நாம் பாவிகளாயிருக்கையில்தான் கிறிஸ்து நமக்காக மரித்தார். நாம் மனந்திரும்புகிற நாள்வரைக்கும் அவர் சிலுவையைத் தள்ளிவைத்திருந்தால் நம்மில் யார் மிஞ்சியிருப்போம்?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சபையில் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரு வீட்டு மனைக்காகப் பேச்சை நிறுத்தினார்கள். "அவன் முதலில் வரட்டும்" என்று இருவரும் சொல்லிக்கொண்டே இருபது ஆண்டுகளைக் கழித்தார்கள். ஒருவர் இறந்த அன்று மற்றவர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார், உள்ளே வரவில்லை. மழையில் குடையை விரிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, வாசற்கதவின் பக்கத்தில் கடைசிவரை நின்றார். நான்தான் அன்று ஜெபம் செய்தேன். ஆகவே, மன்னிப்பைத் தம்பியின் வாய்ச்சொல்லுக்குக் கட்டிப்போடாதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் மனக்கதவின் சாவி அவன் கையில் போய்விடும்.

1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சிறு மகன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் அம்மையார், யாரும் வந்து கேட்பதற்கு முன்பே மன்னித்தேன் என்றார். மூன்று சவரன் அதைவிடப் பெரிதா?

ஞாங்லேபின் மகள் எழுதியது:

ஐயா, கிளாடிஸ் அம்மையாரை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதையின் மறுபாதியை நீங்கள் சொல்லவில்லை. அவர் மன்னித்தார் என்பதற்காக வழக்கு நின்றுவிடவில்லை. முதற்குற்றவாளியின் ஆயுள் தண்டனையை இந்திய உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதிசெய்தது. எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையிலும் ஒரு சான்று உண்டு. 1981 மே 13 அன்று தம்மைச் சுட்டவனை, நான்கே நாட்களில், மருத்துவமனைப் படுக்கையிலிருந்து திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மன்னித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே போய் அவனருகில் உட்கார்ந்து பேசினார். அவனோ 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தான். மன்னிப்பு வேறு, செய்ததற்குப் பொறுப்பேற்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் "மன்னிப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு காரியங்களைக் கட்டிவிட்டீர்கள். கடனைத் தள்ளுவது ஒருவரால் முடியும். ஒப்புரவாவதற்கு, அதாவது முறிந்த உறவில் மீண்டும் சேர்வதற்கு, இருவர் வேண்டும். வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமே வைத்து, அப்படி வாழும் பேரறிவாளனின் செல்வத்தை ஊருணி நிறைந்த நீரோடு ஒப்பிட்டார். அங்கே அதன் பொருள் ஊரோடு பகிர்ந்து வாழ்வது. நம் வேதத்தைத் தமிழில் தந்தவர்கள் அந்தச் சொல்லையே எடுத்தாண்டது எனக்கு எப்போதும் வியப்பு. குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தையும் நாங்கள் இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்றே சொல்கிறோம். அதில் குருவானவர் பாவமன்னிப்பு அளித்தாலும், திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும், கெடுத்த பெயரைச் சரிசெய்யவும் ஆனமட்டும் முயல வேண்டும் என்று எங்கள் மறைக்கல்வி ஏடு 1459-ஆம் எண்ணில் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆசிரியையாக இருந்த காலத்தில், அடிக்கிற கணவனிடம் "மன்னித்துப் போ அம்மா" என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். அனுப்பிவைத்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், ஜெபிக்கிறவர்கள். ஏசா ஓடிவந்து, தன்னை ஏமாற்றிய தம்பி யாக்கோபின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். ஆனாலும் யாக்கோபு அவனோடு சேயீருக்குப் போகவில்லை, சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொண்டான். மன்னித்த பின்னும் தள்ளி வாழலாம்.

பழைய மூப்பன் எழுதியது:

அம்மா, அடிக்கிற வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்வது பாவம் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின்கீழ் ஆராதிக்கிறார்கள். 2017 நவம்பர் 29 அன்று யாங்கோன் சைக்கசான் திடலில் உங்கள் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த நாட்டுக்குச் சொன்னதும், காயங்களுக்குப் பழிவாங்குதல் மருந்தாகாது, அது இயேசுவின் வழியல்ல என்பதுதானே? புத்தமதத்தவரான அண்டைவீட்டாரோடு நானும் போய்க் கேட்டேன்.

கப்பல்காரன் எழுதியது:

பெரியவர்கள் இருவரும் அண்ணனைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பியின் பக்கமாக ஒருவன் பேச வேண்டாமா?

சீட்டு எங்கே கிடைத்தது? அம்மாவின் பாட்டுப் புத்தகத்தில். திருடியவன் சீட்டைக் கொண்டுபோய்த் திருட்டுக் கொடுத்தவரிடமே கொடுப்பானா? அம்மாவே கழற்றிக் கொடுத்திருந்தால் என்ன செய்வீர்கள்? அண்ணன் இரண்டு ஆண்டுகளாக மனைவியிடம் சொல்லியிருப்பார், மூப்பரிடம் சொன்னார், இப்போது எங்களிடமும் சொல்லியாயிற்று. தம்பியிடம் கேட்டீர்களா? மத்தேயு 18:15 பாதிக்கப்பட்டவனைத்தான் எழுந்து போகச் சொல்கிறது: "அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." குற்றம் செய்தவனோ மத்தேயு 5:23-24-இன்படி காணிக்கையை வைத்துவிட்டுப் புறப்பட்டு, முன்பு சகோதரனோடு ஒப்புரவாகி, பின்பு வந்து அதைச் செலுத்த வேண்டும். இருவரும் சொன்னபடி நடந்தால் பாதி வழியில் முட்டிக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் இருவரும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மூப்பர் ஐயாவுக்கும் ஒரு சொல். கையைப் பிடி என்று சொல்லிவிட்டு நீங்கள் மணியடிக்கப் போய்விடுகிறீர்கள். பவுல் பிலேமோனுக்கு எழுதியபோது, உம் அடிமை ஒநேசிமு உமக்குக் கடன்பட்டது உண்டானால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்றார். நடுவில் நிற்கிறவன் கையிலிருந்தும் கொஞ்சம் போக வேண்டும்.

தாம்வேக்காரன் எழுதியது:

கப்பல்காரன் எழுதியதைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், நான் கேட்டதில்லை என்பது உண்மை. கேட்டு, அவன் இல்லையென்று பொய் சொல்லிவிட்டால், அதற்கும் சேர்த்து மன்னிக்க வேண்டியிருக்கும் என்ற பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் மூப்பர் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று தமிழில் சொல்கிறோம். இந்த நாட்டில் கடன் என்பது நமக்கு லேசான சொல் அல்ல. 1930களில் நெல்விலை சரிந்தபோது கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் நம் செட்டியார்களின் கைக்குக் கடனுக்காக வந்து சேர்ந்தது. அந்தக் கசப்பை நம் பாட்டன்மார் பிறகு அனுபவித்தார்கள். கடனைத் தள்ளுகிறவன் என்ன தள்ளுகிறான் என்று அறிந்து தள்ள வேண்டாமா? இயேசு சொன்ன உவமையில் பதினாயிரம் தாலந்துக் கடனைத் தள்ளிய ராஜாவும் முதலில் கணக்குப் பார்க்கத்தான் உட்கார்ந்தார்.

பழைய மூப்பன் எழுதியது:

கணக்குப் பார்த்தது உண்மை. ஆனால் தள்ளியபோது தவணை போடவில்லை. போய்க் கேளுங்கள், தடுக்கவில்லை. மன்னித்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொல்கிறேன். கேட்ட பிறகு முடிவு செய்வேன் என்று போனால் நீங்கள் அண்ணனாகப் போகவில்லை, கடன் வசூலிக்க வரும் கோர்ட்டு அமீனாவாகப் போகிறீர்கள். கப்பல்காரன் என்னைக் குத்தியதை ஏற்றுக்கொள்கிறேன். தூணருகே அழைத்துப் பேசிய மூப்பர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன்.

ஞாங்லேபின் மகள் எழுதியது:

தம்பி, பொன் திரும்பி வராமற்போகலாம். ஆனால் பெகுவில் உங்கள் அக்கா உங்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதை உங்கள் தம்பி ஒரே நாளில் மாற்ற முடியும், அதற்கு ஒரு கியாட்டும் செலவில்லை. அதைக் கேளுங்கள். யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட சகோதரரைக் கண்டபோதே மறைவாகப் போய் அழுதான், மனதில் இரங்கிவிட்டான். ஆனாலும் கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நானே அடிமையாக இருக்கிறேன் என்று யூதா சொல்லும்வரை தன்னை வெளிப்படுத்தவில்லை. மூப்பர் ஐயா சொல்கிற இரக்கமும் நான் கேட்கிற மாற்றமும் அந்தக் கதையில் சேர்ந்தே இருக்கின்றன.

கப்பல்காரன் எழுதியது:

யோசேப்பு அதற்காகப் பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை ஒளித்துவைக்கச் சொன்னான். அதை மட்டும் அண்ணன் செய்ய வேண்டாம்.

தாம்வேக்காரன் எழுதியது:

சனிக்கிழமை மாலை போனேன். அவன் வீட்டுக்குள் பிள்ளைகள் இருந்ததால் தெருமுனைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். சீட்டை மேசையில் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை. தேநீர்த் தட்டால் மெல்ல மூடினான்.

கப்பல்காரன் ஊகித்தது பாதி சரி. மலேசிய வேலைக்காகத் தரகருக்குக் கட்ட, அம்மாவே கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்திருக்கிறார். அண்ணனிடம் சொல்லாதே என்றும் சொல்லியிருக்கிறார். வேலை அமையவில்லை, பணமும் திரும்பவில்லை. வட்டி கட்டச் சொல்லி அம்மா இரண்டு முறை கொடுத்த பணத்தைத் தான் செலவழித்துவிட்டதாக அவனே சொன்னான்; நான் கேட்கவில்லை. "அம்மா சாகிற வரைக்கும் சங்கிலி கடையில்தான் இருக்கிறதென்று நினைத்தார் அண்ணா" என்றான். அதைக் கேட்டபோது எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை.

சங்கிலியைக் கேட்கமாட்டேன் என்றேன். அது எளிதாகவே வாயில் வந்தது. அம்மாவிடம் வட்டிப்பணம் வாங்கிச் செலவழித்ததற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதை அப்படியே அவனிடம் சொன்னேன். அக்காவிடம் உண்மையைச் சொல்வாயா என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, தனியாகப் போக முடியாது, நீயும் வா என்றான்.

பழைய மூப்பன் எழுதியது:

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வருகிற ஞாயிறு மேசைக்கு வருவீர்கள் அல்லவா? பெகு போய்வந்த பிறகுதான் என்று தள்ளிப்போடாதீர்கள்; மனதில் தள்ளியாயிற்றே, அது போதும் என்றுதான் நான் இன்னும் சொல்வேன்.

தாம்வேக்காரன் எழுதியது:

ஐயா, "முன்பு" ஒப்புரவு என்றும் "பின்பு" காணிக்கை என்றும், கப்பல்காரன் சொன்ன மத்தேயு 5-ஆம் அதிகார வசனத்திலேயே இருக்கிறது. நான் அந்த வரிசையில் போகிறேன். எங்கள் சபையில் அடுத்த திருவிருந்து அடுத்த மாதம்தான். அதற்குள் ஒரு சனிக்கிழமை காலைப் பேருந்தில் இருவரும் பெகுவுக்குப் போகிறோம். சீட்டு இப்போது அவனிடம் இருக்கிறது.