பிள்ளைகள் பேய்க்கதை எழுத ஆசைப்படுகிறார்கள், எப்படிச் சொல்லித் தருவது?

மொட்டைமாடி:
வணக்கம். நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்தின் பொது அறையில் ஞாயிறுதோறும் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கதை எழுதும் வகுப்பு நடத்துகிறேன். இந்த மாதம் என்ன எழுதலாம் என்று கேட்டதும் எல்லோரும் சேர்ந்து "பேய்க்கதை மிஸ்!" என்றார்கள். சரி என்றேன். வந்த கதைகளில் எல்லாம் பாழடைந்த பங்களா, அமாவாசை, கொலுசுச் சத்தம், கடைசியில் "கண் விழித்தேன், எல்லாம் கனவு". பாதிப் பேர் அடையாறு உடைந்த பாலத்தில் பேயை நிறுத்திவிட்டார்கள். ஒரு அம்மா, மகள் ராத்திரி தனியாக பாத்ரூம் போகப் பயப்படுகிறாள், இதை நிறுத்துங்கள் என்கிறார். எனக்கு நிறுத்த மனமில்லை. இதுவரை இரண்டு வரிக்கு மேல் எழுதாதவர்கள்கூட இப்போது நோட்டைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கும்மிருட்டு:
பங்களா, அமாவாசை, கொலுசு, கனவு நான்குக்கும் தடை போடுங்கள். பாதி வேலை முடிந்தது.

சாக்பீஸ்:
தடை மட்டும் போதாது, பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். பள்ளியில் தமிழ் நடத்தியவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பழையனூர் நீலி கதையைச் சொல்லுங்கள். ஊர் தூரமில்லை, நம் திருவாலங்காட்டுப் பக்கம்தான். நீலி ஒரு கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வணிகனைத் துரத்துகிறாள். அந்தக் குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. இவள் பேய் என்று அவன் கதறுகிறான். ஊர்ப் பெரியவர்கள் 70 பேரும் அவள் பக்கம் பேசுகிறார்கள். உண்மையைச் சொல்கிறவனை ஒருவரும் நம்பவில்லையே, அந்த இடத்தில் வகுப்பு மூச்சு விடாமல் கேட்கும்.

அப்புறம், அவரவர் வீட்டில் தினமும் பார்க்கிற ஒரு பொருளை எடுத்து, அதில் ஒன்றே ஒன்றை மாற்றி எழுதச் சொல்லுங்கள். வியாசர்பாடி மாணவி ஒருத்தி தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குட வரிசையை எழுதினாள். வரிசையில் ஒரு பச்சைக் குடம் அதிகமாக இருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. தினமும் ஒரு இடம் முன்னால் வருகிறது. இன்றைக்கு அது அவள் குடத்துக்கு நேர் பின்னால். அவ்வளவுதான் கதை. படித்த எனக்கே கை சில்லிட்டது.

ஊரூர்க்காரன்:
பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது 1967-ல் எங்கள் மீனவர்கள் ஆற்றைக் கடப்பதற்காகக் கட்டப்பட்ட பாலம். 1977-ல் ஆற்றின் வேகத்தில் இடிந்தது. எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் வளர்கிறார்கள். நிஜ மனிதர்கள் வாழும் இடத்தைப் பேய் இடமாக எழுதும்போது அவர்களையும் நினைக்கச் சொல்லிக்கொடுங்கள். இடத்தின் பெயரை மாற்றச் சொன்னாலே போதும்.

சாக்பீஸ்:
நியாயமான பேச்சு. பயப்படுகிற மகளுக்கு கலிங்கத்துப்பரணியிலிருந்து கொஞ்சம் சொல்லிக் காட்டுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடியது. அதில் பேய்களுக்குப் பசி தாங்காது. போர்க்களத்தில் கூழ் சமைக்கும். சாப்பிடும் முன் யானைத் தந்தத்தால் பல் விளக்கும், விலா எலும்பால் நாக்கு வழிக்கும். பல் விளக்கும் பேயைப் பார்த்து எந்தப் பிள்ளையும் சிரித்துவிடும். பிறகு, தன் கதையில் வரும் பேய்க்கு என்ன வேண்டும் என்று அவளையே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:
மிக்க நன்றி. அந்த அம்மாவிடம் பேசிவிட்டேன். மகளுக்கு எழுதும்போது பயமே இல்லையாம். பக்கத்துப் பையன் வாசிக்கும்போது அவள் காதருகே வந்து உறுமியதுதான் ராத்திரி முழுக்க ஞாபகம் வந்திருக்கிறது. இனி வாசிக்கிறவர் முன்னால் வந்து நின்று வாசிக்கட்டும், கேட்க விருப்பமில்லாதவர் வெளியே போய்ப் படம் வரையட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஊரூர்க்காரன், வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வர முடியுமா? ராத்திரி கடலுக்குப் போகிறவர்கள் கரையிலிருந்து என்னென்ன சத்தம் கேட்பார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆள் வேண்டும்.