சந்தைச் செறிவு: நான்கு நிறுவன விகிதம் போதுமா?

கேள்வி: இந்தியக் கைப்பேசிச் சேவைத் துறையின் செறிவை (சந்தை எந்த அளவுக்குச் சில நிறுவனங்களிடம் குவிந்திருக்கிறது என்பதை) அளக்க, முதல் நான்கு நிறுவனங்களின் சந்தைப் பங்குகளைக் கூட்டினால் போதாதா?

பதில் 1: போதாது. நான்கும் தலா 25 விழுக்காடு வைத்திருந்தாலும், ஒன்று 70, மற்றவை தலா 10 என்றிருந்தாலும் கூட்டல் 100 என்றே காட்டும். பங்குகளை வர்க்கப்படுத்திக் கூட்டும் ஹெர்ஃபின்டால் குறியீடோ முதலாவதற்கு 2500, இரண்டாவதற்கு 5200 என்று வேறுபடுத்திக் காட்டும். அமெரிக்காவின் 2023ஆம் ஆண்டு நிறுவன இணைப்பு வழிகாட்டுதல்களின்படி 1800ஐத் தாண்டினாலே அதிகச் செறிவுதான்.

பதில் 2: குறியீடு உயர்ந்தாலே போட்டி செத்துவிட்டது என்று கொள்ள வேண்டாம். 2016இல் ஜியோ நுழைந்ததும் கட்டணங்கள் சரிந்தன. அந்த விலைப்போரின் அழுத்தத்தில்தான் 2018இல் வோடஃபோன் இந்தியாவும் ஐடியாவும் இணைந்தன.

கேட்டவர்: பங்கைச் சந்தாதாரர் எண்ணிக்கையால் கணக்கிடுவதா, வருவாயாலா?

பதில் 1: வருவாயே மேல், ஒருவரே இரண்டு சிம் வைத்திருக்கும் நாட்டில் எண்ணிக்கை ஏமாற்றும். தொலைத்தொடர்பு உரிமத்துக்காக நாடு பிரிக்கப்பட்டுள்ள 22 வட்டங்களையும் தனித்தனியே கணக்கிடுங்கள்.