இங்கிலீஷ்ல டெசிமேட்னா (decimate) பத்துல ஒண்ணு அழியுறதா, மொத்தமுமா?

சொல்வேட்டை:
தவளைங்களுக்கு வர்ற பூஞ்சை நோய் பத்தி ஒரு கட்டுரை படிச்சேன், அந்த நோய் தவளை இனத்தையே டெசிமேட் பண்ணிடுச்சுன்னு ஒரு வரி. மொத்தமா காலின்னு நான் நினைச்சேன், கூட வேலை பாக்குறவர் பத்து பர்சன்ட் தான் போச்சுன்னு அடிச்சு சொல்றார். எது சரி?

ஒற்றெழுத்து:
அவர் சொல்றது தான். லத்தீன்ல டெசெம்னா பத்து. டெசிமல், டிசம்பர், அமெரிக்கால பத்து சென்ட் காசுக்கு சொல்ற டைம், எல்லாம் ஒரே குடும்பம். காலேஜ் டீன் கூட ஒரு காலத்துல பத்து துறவிங்களுக்குத் தலைவர். ரோமப் படைல ஒரு பிரிவு பயந்து ஓடிட்டா சீட்டு போட்டு பத்து பேருக்கு ஒருத்தன எடுப்பாங்க, கூட இருந்தவனுங்களே அவன தடியால அடிச்சுக் கொல்லணும். ஸ்பார்ட்டகஸ் தலைமைல அடிமைங்க கிளர்ச்சி பண்ணப்ப, ரோமத் தளபதி க்ராசஸ் தன் படைல 500 பேர பத்து பத்தா பிரிச்சு 50 பேர கொன்னதா அந்தக் கால கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கார். ஒன்பது பேர் உயிரோட நிக்கும்போது மொத்தமா அழிஞ்சதுன்னா எப்படி?

ராத்திரிஷிஃப்ட்:
டிசம்பர நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்க சார், நன்றி 😄 அது இப்ப பத்தாவது மாசமா? மார்ச்ல வருஷம் பொறந்த காலத்துப் பேரு, அப்படியே ஒட்டிக்கிச்சு. குவாரன்டைன்னா நாப்பது நாள், கொரோனால 14 நாள் உள்ள கெடந்தோமே, இது செல்லாதுன்னு யாராவது எந்திரிச்சு வந்தாங்களா? அவ்வளவு ஏன், எண்ணெய்னா எள்+நெய், நீங்க மண்ணெண்ணெய்ல எள்ளு தேடுவீங்களா?

ஒற்றெழுத்து:
கிண்டல் ஓகே. ஆனா மண்ணெண்ணெய்னு சொன்னா யாரும் குழம்பல, டெசிமேட்னா ஆளுக்கொரு அளவு, இந்த த்ரெட்டே சாட்சி. 1655ல இங்கிலாந்த ஆண்ட கிராம்வெல், முன்னாடி ராஜா பக்கம் நின்னவங்க வருமானத்துல பத்துல ஒரு பங்கு வரி போட்டதுக்கும் டெசிமேஷன்னு தான் பேரு. அழிவுக்கு வேற வார்த்தையா இல்ல? அனைஹிலேட்ல நிஹில் இருக்கு, ஒண்ணுமில்லாம ஆக்குறது. எராடிகேட் வேரோட பிடுங்குறது, ராடிஷ் கூட அந்த வேர்ல இருந்து மொளச்சது தான். ஆப்லிட்டரேட் எழுத்தையே அழிக்கிறது. இத்தனை இருக்கப்ப பத்துக்குன்னு இருக்குற ஒரே வார்த்தையையும் ஏன் கெடுக்கணும்?

ராத்திரிஷிஃப்ட்:
கெடுத்தது நாங்க இல்ல, அதே 1600கள்லயே பெரும்பகுதிய அழிக்கிறதுங்கிற அர்த்தம் வந்தாச்சு. அமெரிக்கால ரிச்சர்ட் கிராண்ட் வைட்னு ஒரு விமர்சகர் 1870ல இதே புலம்பல் புலம்பினார், ஒருத்தரும் கேக்கல. அதுவும் போக, சீட்டு போட்டு பத்துல ஒருத்தன கொல்றதப் பத்தி நீங்க வாரத்துக்கு எத்தன தடவ எழுதுறீங்க சார்?

கணக்குப்புலி:
நடுவுல வர்றேன். இன்னிக்கு டிக்‌ஷனரில ரெண்டு அர்த்தமும் இருக்கு, ஆனா புழக்கத்துல கூட்டத்துல பெரும்பகுதி போயிடுச்சுங்கிறது தான். மொத்தமும் இல்ல, கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதனால கம்ப்ளீட்லி டெசிமேட்டட்னு எழுதினா இடிக்கும். 40 பர்சன்ட் டெசிமேட் ஆச்சுன்னு எழுதுறவங்களப் பாத்தா எனக்கு ரோமாக்காரன் தடியே தேவலன்னு இருக்கு. ஒத்த வீடு இடிஞ்சதுக்கும் போடாதீங்க, எண்ணிக்கை இருக்குற விஷயத்துக்கு தான் பொருந்தும், படை, ஜனத்தொகை, தவளைக் கூட்டம்.

சொல்வேட்டை:
அப்போ நானும் ஜெயிக்கல அவரும் ஜெயிக்கல, டீ காசு யார் குடுக்குறது 😅

ஒற்றெழுத்து:
பெரும்பகுதின்னா 60ஆ 90ஆ? அதத்தான் நான் கேக்குறேன். என் பொழப்பு எடிட்டிங், டெசிமேட்னு வந்தா எத்தனை போச்சுன்னு எழுதினவர்கிட்டயே கேட்டு நம்பர போட்டுட்டு வார்த்தைய தூக்கிடுவேன்.

ராத்திரிஷிஃப்ட்:
அது சரியான வேலை சார். அதுக்கு ரோமாபுரி வரைக்கும் போயிருக்கவே வேணாம்.