பீஸ் பீஸா பிரியுற சோபா: வாங்கினவங்க நிஜமாவே மாத்திப் போட்டீங்களா?

மூணு வீடு மாறியவன்

2019-ல நங்கநல்லூர் வாடகை வீட்டுக்குன்னு ஒரு எல் ஷேப் சோபா வாங்கினோம். நீட்டுப் பக்கம் வலது கைப்பக்கம். அந்த ஹாலுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உட்கார்ந்துச்சு. அடுத்த வீடு மேடவாக்கம். அங்க பால்கனிக் கதவும் வலது பக்கம்தான். ரெண்டு வருஷம் சோபா மேல ஏறி இறங்கித்தான் துணி காயப்போட்டோம். மூணாவது வீட்டுல படிக்கட்டுத் திருப்பத்துலயே சிக்கிக்கிச்சு. கயிறு கட்டி பால்கனி வழியா ஏத்தினாங்க. கூடுதலா 1,500 ரூபாய், ரெக்ஸின்ல ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல்.

இப்போ பீஸ் பீஸா பிரிச்சுச் சேர்க்குற மாடுலர் சோபா வாங்கலாம்னு யோசனை. கடைக்காரர் போன்ல வீடியோ காட்டுறார். ஆறு பீஸ், இன்னைக்கு எல், நாளைக்கு யூ, விருந்தாளி வந்தா கட்டில். "கொஞ்ச நாள் மாத்துவ, அப்புறம் அது அங்கேயே வேர் விட்டுடும்"னு அம்மா சொல்றாங்க. வெச்சிருக்கிறவங்க சொல்லுங்க. வாங்கினதுக்கு அப்புறம் யாராவது மாத்திப் போட்டிருக்கீங்களா?

அண்ணாநகர் அரட்டை

நாலு வருஷமா இருக்கு. மாத்தினது ஒரே ஒரு தடவை, பெயிண்ட் அடிக்க வந்தப்போ. இடுக்குல ரெண்டு ரிமோட், பையனோட பல் கிளிப், 340 ரூபாய் சில்லறை கிடைச்சுது. உங்க அம்மா சொன்னது சரி.

பள்ளிக்கரணை வாசகி

நானும் மாத்தினதில்ல, 2023 டிசம்பர் வரைக்கும்.

எங்களுது தரைத்தளம். 2015 வெள்ளத்துல அப்பா ஆசையா செஞ்ச தேக்கு மூணு சீட்டர் போச்சு. மரம் தப்பிச்சுது, மெத்தை மாசக்கணக்குல நாறிச்சு. கடைசியில குப்பை வண்டிக்காரர்கூட எடுக்கத் தயங்கினார். நாலு ஆம்பளைங்க தூக்கற கனம், அன்னைக்கு வீட்டுல இருந்தது நானும் மாமியாரும். தண்ணி ஏற ஏற பார்த்துக்கிட்டே நின்னோம்.

அதுக்கப்புறம் வாங்கினது ஆறு பீஸ் மாடுலர். வீட்டுக்காரர் அழகுக்காக வாங்கினார். மிக்ஜாம் புயல் வந்த அன்னைக்கு வாசப்படி தாண்டி தண்ணி உள்ள வர்றப்போதான் எனக்கு மூளையில பொறி தட்டிச்சு. இருட்டுல அடியில கையை விட்டுத் தடவி, பீஸ்களைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப்பைக் கழட்டினேன். நானும் பொண்ணும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சு, ரெண்டு பீஸ் டைனிங் டேபிள் மேல, மூணு பீஸ் கட்டில் மேல ஒண்ணு மேல ஒண்ணு. ஆறாவதைத் தூக்க இடமில்ல. அது மிதந்துச்சு, நிஜமா, படகு மாதிரி கொஞ்ச நேரம் மிதந்துட்டு அப்புறம் தண்ணி குடிச்சு உட்கார்ந்துடுச்சு.

அந்த ஒண்ணை மட்டும் புதுசா வாங்கிக்கலாம்னு போனா, அந்தக் கலர் நிறுத்தியாச்சாம். இப்போ அஞ்சு சாம்பல், ஒண்ணு கடுகு மஞ்சள். வர்றவங்க எல்லாரும் வேணும்னே அப்படி வாங்கினோம்னு நினைச்சுக்கறாங்க. நாங்களும் மறுக்கறதில்ல.

குஷன்காரர், கோவை

இருபது வருசமா சோபா கட்டுறேனுங்க. வெள்ளத்துக்காரம்மா சொன்னதுதான் இந்தச் சரக்கோட நிஜமான உபயோகம். மத்தபடி வாங்குறவங்க பத்துல எட்டுப் பேர் எல் போட்டு அப்படியே விட்டுருவாங்க. அதுல தப்பில்லீங்க. ஆனா பிரிக்கவே முடியாத மாடுலரை வாங்கிராதீங்க.

ஷோரூமுக்குப் போனா முதல்ல ஒரு பீஸை இழுத்துத் தனியா நிறுத்தச் சொல்லுங்க. நாலு பக்கமும் துணி சுத்தியிருக்கா பாருங்க. நிறைய இடத்துல ஒட்டுற பக்கத்துல கருப்புத் துணியை ஸ்டேப்ளர் அடிச்சு விட்டிருப்பாங்க. சேர்த்து வெச்சாத் தெரியாது. நாளைக்கு நீங்க வேற மாதிரி போட்டா அந்தப் பக்கம் வெளிய வந்து பல்லிளிக்கும்.

ரெண்டாவது கைப்பிடி. கைப்பிடி பீஸோடவே ஒட்டியிருந்தா அது லெஃப்ட் பீஸ், ரைட் பீஸ்னு ஆயிருது. உங்க பழைய எல் ஷேப் வில்லங்கம் திரும்ப வந்துரும். தனியா கழண்டு எந்தப் பக்கமும் மாட்டுற கைப்பிடி வேணுமுங்க.

மூணாவது அடியில இருக்கிற கிளிப். முதலை வாய் மாதிரி இரும்புல வரும். ஒண்ணு கவ்வும், இன்னொண்ணு அதுல போய் விழும். இது இல்லாம வெறும் ரப்பர் புஷ்ஷை மட்டும் வெச்சுத் தர்றவங்க இருக்காங்க. வழவழன்னு இருக்கிற டைல்ஸ் தரையில ஒரு மாசத்துல பீஸ் பீஸா நகர்ந்து நடுவுல பள்ளம் விழும். ராத்திரி டிவி பார்த்துக்கிட்டே தூங்கினா அந்தப் பள்ளத்துல இடுப்பு இறங்கிரும்.

ஃபோம் பத்தி எல்லாரும் "40 டென்சிட்டிதானே"ன்னு ஒரே கேள்வி கேக்குறாங்க. 40-ன்னா ஒரு கனமீட்டர் ஃபோம் 40 கிலோ எடை, அவ்வளவுதான். கெட்டியா மெத்துன்னான்னு அது சொல்லாது. அதே 40-ல மெத்துன்னும் வரும், கல்லு மாதிரியும் வரும். எடை கூடினா பொதுவா சீக்கிரம் குழி விழாது, அதுதான் ஆதாயம். அப்புறம் துண்டு ஃபோமை அரைச்சு ஒட்டி அமுக்குன ரீபாண்டட் இருக்கு. அது எடையில ஜாஸ்தி, உட்கார்ந்தா பலகை. நம்பரை மட்டும் பார்த்தா அங்க ஏமாந்துருவீங்க. உறையில ஜிப் இருந்தா திறந்து காட்டச் சொல்லுங்க. பல வண்ணத்துல பொடிப்பொடியா ஒட்டியிருந்தா அதுதான்.

கட்டடக்கலை படித்தவள்

இன்னைக்குக் கடைகள்ல உப்பின சதுரத் தலையணை மாதிரி வரிசையா நிக்குற மாடுலர் சோபாவைப் பார்த்திருப்பீங்க. அதுல பலதுக்கும் மூலம் இத்தாலியில மாரியோ பெல்லினி 1970-ல வடிவமைச்ச கமாலியோண்டா. பச்சோந்திக்கான இத்தாலியச் சொல்லையும் அலைக்கான சொல்லையும் சேர்த்துக் கட்டின பேர். 1972-ல நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துல நடந்த இத்தாலிய வீட்டுப் பொருள் கண்காட்சியில வெச்சாங்க. எழுபதுகளின் கடைசியில தயாரிப்பு நின்னுபோச்சு, 2020-ல திரும்ப வந்துச்சு.

எனக்கு அதுல பிடிச்சது உப்பலான தோற்றம் இல்ல. அடியில ஓடுற கேபிள், கொக்கி, வளையம். முதுகு, கைப்பிடி எல்லாத்தையும் கழட்டி எங்க வேணாலும் மாட்டலாம். இங்க கிடைக்கிற நகல்கள்ல தோற்றத்தைத் தத்ரூபமா எடுத்துட்டு, அந்தக் கொக்கியை விட்டுட்டாங்க. நான் பார்த்த ஒண்ணுல முதுகு வெல்குரோல ஒட்டியிருந்துச்சு. சாய்ஞ்சா சர்ருனு சத்தம்.

அளவையும் யோசிங்க. அவரோட சதுரம் 90 செ.மீ., நமக்குக் கிட்டத்தட்ட மூணு அடி. மூணு பீஸ் வரிசையா போட்டா ஒம்பது அடி. பத்தடி ஹால்ல அதுக்கப்புறம் ஒரு அடிதான் மிச்சம். அதுல ஸ்டூல் வைப்பீங்களா, நடப்பீங்களா? செய்தித்தாளை அளவுக்கு வெட்டித் தரையில ஒட்டி, ரெண்டு நாள் அதை மிதிக்காம வீட்டுக்குள்ள நடந்து பாருங்க.

கொலு பொம்மை

நாங்க வருஷா வருஷம் மாத்தறோம்! நவராத்திரிக்கு ஹால் நடுவுல படி கட்டணும். பீஸைப் பிரிச்சு சுவரோரமா ஒண்ணொண்ணா தள்ளிட்டா தரை முழுக்க ஜமுக்காளம் விரிச்சிடலாம். பாட்டி வயசுக்காரங்களுக்கு மட்டும் சுவரோர சீட்.

போன வருஷம் அதிபுத்திசாலித்தனமா, முதுகு இல்லாத ரெண்டு பஃபியைச் சேர்த்து மேல பலகை போட்டு அதையே கீழ்ப்படி ஆக்கினேன். ஃபோம் ஆச்சே, ஒரு பக்கம் அமுங்கிடுச்சு. செட்டியார் கடையோட சரிஞ்சு விழுந்தார். பருப்பு, அரிசி எல்லாம் தரையில. செட்டியாரம்மா மட்டும் நின்னாங்க.

மதுரை மருமகன்

ஒரு எச்சரிக்கை. இந்த சோபா எல்லாம் ரொம்பத் தாழ்வு, ரொம்ப ஆழம். எங்க வீட்டுல வாங்கினது தரையில இருந்து 15 அங்குலம்தான். மாமாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனப்போதான் விஷயம் புரிஞ்சது. முழங்கால் இடுப்பை விட மேல இருக்கக் கூடாது, எந்திரிக்கக் கைப்பிடி வேணும்னு பிசியோதெரபி தம்பி கண்டிஷனா சொல்லிட்டாரு. மாமா உட்கார்ந்தா எந்திரிக்க ரெண்டு பேர் வேணும்.

வேற சோபா வாங்குற நிலைமை இல்ல. ஆசாரி ஒருத்தர் வந்து பார்த்துட்டு, கைப்பிடி உள்ள ஒரே ஒரு பீஸுக்கு மட்டும் கட்டைக் காலைக் கழட்டிட்டு நாலங்குலம் கூடுதலா வேற கால் போட்டுக் குடுத்தாரு. பக்கத்துப் பீஸோட கிளிப் இப்போ சேராது, அதனால அது தனியா சுவரை ஒட்டி நிக்குது. முதுகுல ஒரு கெட்டித் தலையணை. மாமா அதுக்கு ஜட்ஜ் சீட்டுன்னு பேர் வெச்சிருக்காரு. குணமாகி எட்டு மாசம் ஆச்சு, இறங்க மாட்டேங்குறாரு.

தெம்பனீஸ் தமிழன்

சிங்கப்பூர்ல எங்களுது நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, சுமார் 90 சதுர மீட்டர். கார்னர் சோபா பார்த்துட்டு வந்த கடையில, லிஃப்ட் கதவு அளவை எடுத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதனால, காத்தை உறிஞ்சிச் சப்பையா சுருட்டி பெட்டியில வர்ற ரகம் வாங்கினோம். உள்ள சட்டமே கிடையாது, முழுக்க ஃபோம். பிரிச்ச அன்னைக்கு அப்பளம் மாதிரி கிடந்தது, முழுசா உப்ப மூணு நாள் ஆச்சு. தூக்க லேசு. ஆனா ஓரத்துல உட்கார்ந்தா அப்படியே சரியுது. வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு வேணாம்.

மூணு வீடு மாறியவன்

எல்லாருக்கும் நன்றி. நேத்து செய்தித்தாள் ஒட்டினோம். ஆறு பீஸ் இல்ல, நாலுக்குத்தான் இடம். அம்மா அதை ஒரு தடவைகூட மிதிக்கல, நான்தான் மூணு தடவை மிதிச்சேன்.

கடைக்குப் போய் குஷன்காரர் சொன்ன மாதிரி ஒரு பீஸை இழுத்து நிறுத்தச் சொன்னேன். கருப்புத் துணி! "சார், அது யாருக்கும் தெரியாது சார்"ன்னார். வேற கடையில நாலு பக்கமும் துணி, இரும்புக் கிளிப், கழண்டு மாறுற கைப்பிடி கிடைச்சுது. உயரம் 17 அங்குலம். அம்மா உட்கார்ந்து, ரெண்டு தடவை எந்திரிச்சுப் பார்த்து, சரின்னாங்க. எதுக்கும் அதே துணியில பத்து மீட்டர் கூடுதலா கேட்டிருக்கேன், கடுகு மஞ்சள் வராம இருக்க.

பள்ளிக்கரணை அக்கா, இருட்டுல கிளிப்பை எந்தப் பக்கம் தள்ளிக் கழட்டினீங்க? வெளிச்சத்துலயே எனக்கு வரமாட்டேங்குது.

பள்ளிக்கரணை வாசகி

தள்ளக் கூடாது. ஒரு பீஸோட முன்பக்கத்தை லேசா மேல தூக்குங்க, தானா விட்டுடும்.